ஜனவரியில் கேதார்காந்தா: பூட்ஸ், கிளவுஸ் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தென்றல், மதுரை

ஜனவரி இரண்டாவது வாரம் ஆறு பேர் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா மலைக்குப் போகிறோம். சாங்க்ரி, ஜூடா தாலாப், பேஸ் கேம்ப், உச்சி, ஹர்காவ் வழியாக மறுபடி சாங்க்ரி. மூன்று இரவு டென்ட்டில். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையில் நடந்து எல்லோருக்கும் பழக்கம் உண்டு, பனியில் யாரும் நடந்ததில்லை.

ஜாக்கெட், தெர்மல் எல்லாம் ஓரளவு புரிந்துவிட்டது. கால், கை விஷயத்தில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான்கு பேரிடம் கணுக்கால் மறையும் உயரத்தில் புதிய வாட்டர்புரூஃப் பூட்ஸ் இருக்கிறது. ஒருவருக்கு அவருடைய அண்ணன் கொடுத்த பழைய தோல் பூட்ஸ். ஒருவர் இன்னும் வாங்கவில்லை. கிளவுஸ் என்று எங்களிடம் இருப்பதெல்லாம் பைக் ஓட்டுபவர்கள் போடும் பஞ்சு அடைத்த ரகம்தான்.

வாட்டர்புரூஃப் பூட்ஸ் மட்டும் போதுமா? நனைந்துவிட்டால், நெருப்பு இல்லாத கேம்ப்பில் ஒரே இரவில் எப்படிக் காயவைப்பது? எத்தனை ஜோடி கிளவுஸ், எத்தனை ஜோடி சாக்ஸ் எடுக்க வேண்டும்? சாக்ஸோடு பிளாஸ்டிக் பை மாட்டச் சொல்லிச் சிலர் சொல்கிறார்கள், கூடவே கூடாது என்று சிலர். எது சரி?

வடமலையான்

முதல் கேள்வியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வாட்டர்புரூஃப் பூட்ஸ் அவசியம். ஆனால் உள்ளே சேரும் ஈரத்தில் அது தடுப்பது ஒரு பங்கை மட்டுமே. ஈரம் வருவதற்கு மூன்று வழி: மேல்வாய் வழியாக விழும் பனி, உங்கள் காலிலிருந்தே வரும் வியர்வை, வெளியிலிருந்து ஊறும் நீர். கடைசி ஒன்றுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். முதல் இரண்டுதான் அதிகம் நனைக்கும்.

மேல்வாயை அடைக்கக் கெய்டர் (பூட்ஸின் வாயையும் கெண்டைக்காலையும் சுற்றி மூடும் உறை) கட்டுங்கள், முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும் உயரத்தில். பாதை பலர் மிதித்து இறுகிக் கிடந்தாலும், கோவேறு கழுதைகளுக்கு வழிவிட ஓரம் ஒதுங்கினால் முழங்கால்வரை இறங்கிவிடும். கணுக்கால் பூட்ஸில் அந்த ஒரு நொடியில் ஒரு பிடி பனி உள்ளே போய்விடும். கெய்டர் பேன்ட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். முன்பக்கக் கொக்கியை ஷூ லேஸில், விரல்களுக்கு நெருக்கமான குறுக்குக் கயிற்றில் மாட்டுங்கள். மேலே மாட்டினால் கெய்டர் தூக்கிக்கொண்டு முன்னால் வாய் திறந்துவிடும். பக்கிள் வெளிக்கால் பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் மைக்ரோஸ்பைக் (வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) பல் மற்றக் காலின் பட்டையில் சிக்கி விழவேண்டி வரும். பனிக்குப் பதில் மழை பிடித்தால் மட்டும் ரெயின் பேன்ட்டைக் கெய்டருக்கு மேலே இழுத்துவிடுங்கள், காலில் வழியும் தண்ணீர் கெய்டருக்குள் போகாது.

வியர்வைதான் பலருக்கும் நம்பக் கடினமான பகுதி. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மைனஸ் 10-இல் 2 கிராம் சொச்சம். பாதத்தின் சூட்டில் ஆவியாகும் வியர்வை வெளியே போகும் வழியில் பூட்ஸின் குளிர்ந்த மேல்தோலைத் தொட்டதும் அங்கேயே நீராகிவிடும், இன்னும் குளிர்ந்தால் பனியாகவே படியும். கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு ஆவியை வெளியே விடும், நீரை விடாது. உள்ளே நீராகிவிட்டதை அது உள்ளேயே வைத்துக் காக்கும். மாலையில் சாக்ஸ் நனைந்திருந்தால் பூட்ஸ் ஒழுகுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒழுகுவதில்லை.

ஆகவே வியர்வையைக் குறைப்பதுதான் பூட்ஸைக் காயவைக்கும் முதல் வேலை, அதுவும் பகலிலேயே. பாதம் எவ்வளவு வியர்க்கும் என்பதை உடம்பின் மொத்தச் சூடு தீர்மானிக்கிறது. சாங்க்ரியிலிருந்து (சுமார் 6,400 அடி) ஜூடா தாலாப் (சுமார் 9,100 அடி) வரை ஒரே ஏற்றம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒரு உடை அதிகம் போட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் நின்று தடித்த ஜாக்கெட்டைக் கழற்றுங்கள். பகல் ஏற்றத்தில் பேன்ட்டுக்குள் தடித்த தெர்மல் வேண்டாம். தொப்பியைக் கழற்றி, கழுத்து ஜிப்பைத் திறந்தாலே கால் வியர்வை குறையும்.

நேரமும் முக்கியம். விடியற்காலை 3 மணிக்கு உச்சிக்குக் கிளம்பும்போது பனி மாவு போல உலர்ந்திருக்கும், தட்டினால் உதிரும், நனைக்காது. வெயில் ஏறிய பிறகு 0 டிகிரியை ஒட்டி வரும் கூழ்ப்பனிதான் மோசம். 12,500 அடி உச்சியிலிருந்து ஹர்காவ் இறங்குவதும், கடைசி நாள் சாங்க்ரி இறங்குவதும் இந்தக் கூழில்தான். தைக்கும் இடம், நாக்கு மடிப்பு, லேஸ் துளை என்று எங்கெல்லாம் ஊறுமோ அங்கெல்லாம் அப்போது ஊறும்.

போவதற்கு முன் ஒரு சோதனை. பூட்ஸுக்குள் டிஷ்யூ பேப்பர் பரப்பி, மாட்டிக்கொண்டு, ஒரு டப்பில் ஐந்தாறு செ.மீ. தண்ணீர் விட்டு இருபது நிமிடம் நில்லுங்கள். நின்ற இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி வையுங்கள், மடிப்பு விழும் இடத்தில்தான் சவ்வு முதலில் கிழியும். பேப்பர் நனைந்திருந்தால் ஊருக்குக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். வெளித்துணி தண்ணீரை முத்து முத்தாக விடாமல் உறிஞ்சினால் வாட்டர்புரூஃபிங் ஸ்ப்ரே அடித்துக் காயவிடுங்கள். தோல் பூட்ஸ் என்றால் அதற்கான மெழுகு. விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், தோல் தொளதொளத்துப் பிடிமானம் போய்விடும்.

சிறுவாணி

வணக்கம்ங்க. வடமலையான் பகலைச் சொல்லிட்டார், நான் ராத்திரியைச் சொல்றேன்.

கேதார்காந்தா பாதை கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள வருது. கேம்ப்ல தீ மூட்டிக் காயவைக்கலாம்ங்கற நினைப்பே வேண்டாம். உங்ககிட்ட இருக்கற சூடு ரெண்டுதான்: உங்க உடம்பு, கிச்சன் டென்ட்ல கிடைக்கற வெந்நீர். இந்த ரெண்டையும் வெச்சு, லேசான ஈரத்தைக் காயவைக்க முடியும். சொதசொதன்னு நனைஞ்ச பூட்ஸை ஒரே ராத்திரியில காயவைக்க முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீங்க.

கேம்ப் போனதும் டீ குடிக்கறதுக்கு முன்னாடி, உடம்புச் சூடு இறங்கறதுக்குள்ள இதை முடிச்சிருங்க. டென்ட்டுக்கு வெளியவே பூட்ஸ், கெய்டர்ல ஒட்டின பனியைத் தட்டி விடணும், ஒரு பழைய பெயின்ட் பிரஷ் இருந்தா நல்லது. உள்ள கொண்டுபோய்த் தட்டினா அது உருகிப் படுக்கையில சேரும். அப்புறம் லேஸை அடிவரைக்கும் தளர்த்தி, நாக்கை நல்லா முன்னால இழுத்து, இன்சோலை (உள்ள பாதத்துக்கு அடியில கிடக்கற மெத்தை) வெளிய எடுங்க. இன்சோலுக்கு அடியிலதான் தண்ணி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோஃபைபர் துணியால உள்பக்கம் ஒத்தி எடுங்க. நியூஸ்பேப்பர் ரெண்டு நாள் தாள் கொண்டுபோங்க. ஒரு பூட்ஸுக்கு நாலு தாள், லேசாக் கசக்கித் திணிக்கணும். கெட்டியா உருட்டினா வெளிப்பக்கம் மட்டும்தான் உறிஞ்சும். ஒரு மணி நேரத்துல மாத்துங்க, படுக்கறதுக்கு முன்னாடி எடுத்துருங்க. ராத்திரி பூரா உள்ள விட்டா நனைஞ்ச பேப்பர் அப்படியே உறைஞ்சு நிக்கும்.

படுக்கும்போது பூட்ஸ் டென்ட் வராண்டாவுல இருக்கக் கூடாது. அடியைத் துடைச்சு, ஒரு கெட்டியான குப்பைப் பையில போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கால்மாட்டுல வைங்க. இடம் இல்லைன்னா முழங்காலுக்கு அடியில. இப்படி வெச்சா பூட்ஸ் காயாது, ஆனா உறையாது. உறைஞ்ச பூட்ஸ்ல விடியக்காலையில கால் நுழையாது, நுழைஞ்சாலும் முதல் ஒரு மணி நேரம் உங்க காலோட சூட்டை அது தின்னுரும்.

வெந்நீர் விஷயத்துல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். வெற்றிட பிளாஸ்க் இதுக்கு உதவாது, சூட்டை உள்ளேயே வெச்சுக்கறதுதான் அதோட வேலை. மினரல் வாட்டர் பாட்டில்ல கொதிக்கற தண்ணி ஊத்தினா சுருங்கிக் கோணிக்கும். அகல வாய் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலோ, ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலோ வேணும். அரை லிட்டர் அளவுல ரெண்டு இருந்தா பூட்ஸுக்குள்ளயே நிக்கும். மூடியைப் போட்டு ஒரு நிமிஷம் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க, ஒரு சொட்டு கசிஞ்சாலும் படுக்கைக்குள்ள விடாதீங்க. ஈர சாக்ஸை அந்தப் பாட்டில் மேல மாட்டிருங்க, லேசான ஈரம் காலைக்குள்ள போயிரும், சூட்டு பாட்டில் தோல்ல படவும் படாது. காலையில அந்தத் தண்ணியே குடிக்க ஆகும்.

சாக்ஸ் மூணு ஜோடி. ரெண்டு நடக்க, ஒண்ணு தூங்க மட்டும். தூங்கற ஜோடியை ஜிப்லாக்ல போட்டு ஸ்லீப்பிங் பேக்கோட கட்டிருங்க. எவ்வளவு நனைஞ்சாலும் அதைப் போட்டு நடக்கக் கூடாது. மெரினோ கம்பளி கலந்தது வாங்குங்க. கம்பளி தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டா நனைஞ்ச மாதிரி தெரியாது. பருத்தி சாக்ஸ் ஒண்ணு கூட வேண்டாம்.

இன்னொரு விஷயம். பிழிஞ்சா தண்ணி சொட்டற சாக்ஸை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கொண்டுபோகாதீங்க. ஆவியாகற தண்ணி எங்கயும் போகாது, பேக்கோட பஞ்சுல இறங்கும். டவுன் (பறவை இறகு அடைச்ச) பேக்னா ரெண்டாவது ராத்திரி தட்டையாகி, குளிர் உள்ள வந்துரும்.

பிளாஸ்டிக் பையை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கால் வேர்த்து ஊறிரும்.

ஊசியிலை

கிளவுஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பைக் கிளவுஸை வைத்துவிட்டுப் போங்கள். அதில் உள்துணியும் பஞ்சும் வெளித்தோலும் ஒன்றாகத் தைத்திருக்கும், நனைந்தால் பிரிக்க முடியாது. பஞ்சு நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் ஆனாலும் காயாது. கூடவே உள்துணி விரல் நுனியில் ஒட்டப்பட்டிருக்காது. ஈரக் கையை இழுக்கும்போது உள்துணி வெளியே உருவிக்கொண்டு வரும். அதை மறுபடி ஐந்து விரலுக்குள்ளும் தள்ளுவது மைனஸ் 8 டிகிரியில் நடக்கிற காரியம் இல்லை.

ஒரே தடித்த ஜோடி வேண்டாம். பிரியும் அடுக்குகள் வேண்டும். தோலை ஒட்டி மெல்லிய லைனர், செயற்கை இழையிலோ மெரினோவிலோ. இரண்டு ஜோடி எடுங்கள், எடை ஒன்றும் இல்லை, விலையும் குறைவு. அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி) அல்லது கம்பளி கிளவுஸ் ஒரு ஜோடி. எல்லாவற்றுக்கும் மேலே, பஞ்சு இல்லாத வாட்டர்புரூஃப் உறை, ஐந்து விரல் ரகத்தைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் நல்லது. கடையில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். கையை மூடித் திறக்கும்போது இறுகினால் ஒரு அளவு பெரியது வாங்க வேண்டும். இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், எத்தனை அடுக்கு போட்டும் பயன் இல்லை.

ஏற்றத்தில் லைனர் மட்டும் போதும். ஃப்ளீஸோடு ஏறினால் உள்ளங்கை வியர்த்து, மேலே போய் நிற்கும்போது அந்த ஈரம் பழிவாங்கும். தண்ணீர் சூட்டைக் கடத்துவதில் காற்றைப்போல சுமார் 25 மடங்கு வேகம். நின்ற உடனே, கை குளிர்வதற்கு முன், ஃப்ளீஸைப் போடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் அந்தக் குளிரையே கிளவுஸ் பத்திரப்படுத்தும்.

மணிக்கட்டில் பனி நுழைவதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கை நனைய முக்கியக் காரணம் அதுதான். ஊன்றுகோலோடு கை தொங்கி நடக்கும்போது ஜாக்கெட் கை, கிளவுஸ் வாய்க்கு மேலே இருக்க வேண்டும். கையை உயர்த்திப் பிடித்து ஏறும் செங்குத்தான இடத்திலும், விழுந்து எழும் இடத்திலும் கிளவுஸின் நீண்ட வாய் ஜாக்கெட்டுக்கு மேலே வர வேண்டும். உச்சிக்கு முந்தைய கடைசிச் சரிவு இரண்டாவது ரகம். அங்கே நிறுத்தி மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளவுஸைக் கழற்றினால் பனிமேல் வைக்காதீர்கள். உள்ளே ஒரு சிட்டிகை பனி போனால் அது உருகிப் போய்ச் சேருமிடம் உங்கள் விரல் நுனி. எலாஸ்டிக் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது ஜாக்கெட்டுக்குள் வாய் கீழே பார்க்கும்படி செருகுங்கள். காற்றில் பறந்த மிட்டனை அந்தச் சரிவில் தேடிப் போக வழியில்லை.

ஈரமான லைனரை நடந்துகொண்டே காயவைக்கலாம். தெர்மலுக்கும் ஃப்ளீஸுக்கும் நடுவில், வயிற்றின் மேல் தட்டையாக வையுங்கள். ஏற்றத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அணியும் பதத்துக்கு வந்துவிடும். தோலின்மேல் நேரடியாக வைத்தால் வயிறு குளிரும், நடையும் கெடும். வாட்டர்புரூஃப் உறையைப் பிழியாதீர்கள், சவ்வு உரிந்துவிடும். உதறி, உள்பக்கத்தைத் துணியால் துடைத்தால் போதும்.

கேம்ப்பில் பாத்திரம் கழுவ, பாட்டிலில் தண்ணீர் பிடிக்க மருந்துக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கிளவுஸ் நான்கைந்து ஜோடி வாங்கிப்போங்கள், ஒரு அளவு பெரியதாக. லைனரை நனைக்காமல் காப்பதில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது.

பருவக்காற்று

சிறுவாணி சொன்னதில் பிளாஸ்டிக் பை ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பையை எந்த அடுக்கில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது செய்யும் வேலையே மாறிவிடுகிறது. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் தென்றலுக்கு இரண்டு விதமான பதில் கிடைத்திருக்கிறது.

முதல் வகை: காலை ஒட்டி மெல்லிய செயற்கை இழை சாக்ஸ், அதன் மேல் பை, பைக்கு மேல் தடித்த கம்பளி சாக்ஸ். கால் ஊறும், உண்மைதான். ஆனால் ஓரளவுக்குத்தான். பைக்குள் ஈரப்பதம் நிறைந்ததும் வியர்வை ஆவியாகிப் போவது நின்றுவிடுகிறது, அதோடு சேர்ந்து போகும் சூடும் நிற்கிறது. தடித்த சாக்ஸும் பூட்ஸும் கடைசிவரை உலர்ந்தே இருக்கும். கடுங்குளிரில் பல நாள் நடப்பவர்கள் செய்யும் முறை இது. கேதார்காந்தாவில் மூன்று இரவுக்கு இது எல்லா நாளும் தேவையில்லை. பகல் ஏற்றத்தில் போட்டால் சிறுவாணி சொன்னபடியே கால் வெந்துபோகும். உச்சி நாள் அதிகாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் வந்ததும் பையை உருவிவிடுங்கள்.

இரண்டாவது வகை: உலர்ந்த கம்பளி சாக்ஸ், அதன் மேல் பை, பிறகு ஏற்கெனவே நனைந்துபோன பூட்ஸ். இது முதலுதவி மாதிரி. பூட்ஸின் ஈரம் சாக்ஸுக்கு வராது. வியர்வை சாக்ஸிலேயே தங்கும், ஆகவே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். ஹர்காவிலிருந்து சாங்க்ரி இறங்கும் கடைசி நாளுக்கு இது போதும்.

பை மெல்லியதாக, மடிப்பில்லாமல் காலோடு படிய வேண்டும். மடிப்பு இருக்கும் இடத்தில் கொப்புளம். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கேரி பேக் தடையில் இருப்பதால் ரோலாக வரும் சிறிய குப்பைப் பை அல்லது பெரிய ஜிப்லாக் பை வாங்குங்கள். ஆளுக்கு நான்கு. ஓட்டை விழுந்தாலும் மலையில் போட்டுவிடாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பை போட்ட நாளில் இரவு காலை முழுக்கத் துடைத்து, பவுடர் போட்டு, வெறும் உலர்ந்த தூக்கச் சாக்ஸில் விட வேண்டும். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் மறுநாள் பை வேண்டாம். மிக அதிகமாகக் கால் வியர்ப்பவர்கள், பயணத்துக்கு முந்தைய ஐந்தாறு இரவு, அலுமினியம் குளோரைடு உள்ள வியர்வைத் தடுப்பு மருந்தை உலர்ந்த பாதத்தில் தடவி, காலையில் கழுவலாம். வெடிப்போ புண்ணோ இருந்தால் எரியும், அப்போது தவிர்த்துவிடுங்கள்.

தென்றல், மதுரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. குழுவில் அப்படியே பகிர்ந்துவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். அண்ணன் கொடுத்த தோல் பூட்ஸ் எட்டு வருடம் பழசு, இரண்டு முறைதான் போட்டிருக்கிறாராம், பீரோவில் டப்பாவோடு இருந்தது. பார்க்கப் புதிது போல இருக்கிறது. அதைப் போடலாமா? சாங்க்ரி தங்குமிடத்தில் புகாரி அடுப்பு (அறையைச் சூடாக்கும் இரும்பு விறகடுப்பு) இருக்கிறது என்கிறார்கள், அதன் பக்கத்தில் வைத்துக் காயவைக்கலாமா? சிலிக்கா ஜெல், அரிசி, கையைச் சூடாக்கும் பாக்கெட் இதெல்லாம் பூட்ஸுக்குள் வைத்தால் பயன் உண்டா?

பழைய பூட்ஸ்

அந்தத் தோல் பூட்ஸைப் பார்க்காமல் கொண்டுபோகாதீர்கள். மேல்தோல் நன்றாக இருந்தாலும், மேலுக்கும் ரப்பர் அடிக்கும் நடுவில் இருக்கும் மெத்தை பாலியூரிதேன் (ஒரு வகை நுரைப் பிளாஸ்டிக்) என்றால் அது காற்றின் ஈரப்பதத்தோடு வினைபுரிந்து தானாகவே உடையும். போடாமல் வைத்திருந்தாலும் உடையும். நடந்தால் உள்ளிருக்கும் ஈரம் பிதுங்கி வெளியேறும் என்பதால், டப்பாவில் கிடந்தது இன்னும் சீக்கிரம் போய்விடுவதும் உண்டு. மதுரை, சென்னை வெப்பமும் புழுக்கமும் இந்த வினைக்கு ரொம்பவே தோதானது. கட்டைவிரலால் மெத்தையின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, அமுக்கிய இடம் திரும்ப எழாமல் இருந்தாலோ தூக்கிப் போட்டுவிடலாம். இந்தச் சோதனையில் தேறினாலும், பையில் கல் சுமந்து பர்வதமலை போல ஒரு முழுநாள் ஏற்ற இறக்கம் நடந்த பிறகுதான் நம்ப வேண்டும். பனிக்குள் அடி கழன்றால் மற்ற ஈரக்கவலை எல்லாம் சின்ன விஷயமாகிவிடும். ஆபத்துக்கு மூன்று மீட்டர் நைலான் கயிறும் அகல டேப்பும் குழுவுக்கு ஒன்று இருக்கட்டும்.

புகாரி அடுப்பை ஒட்டி வைக்க வேண்டாம். பூட்ஸின் பசை 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும், இவிஏ (இன்னொரு வகை நுரைப் பிளாஸ்டிக்) மெத்தை சுருங்கும், ஈரத்தோல் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அடுப்பின் இரும்போ அதைவிடப் பல மடங்கு சூடு. எங்கே வைப்பது என்பதற்கு எளிய அளவு உண்டு: அந்த இடத்தில் உங்கள் வெறும் கையை ஒரு நிமிடம் சுகமாக வைத்திருக்க முடிய வேண்டும். பொதுவாக ஒன்றரை மீட்டராவது தள்ளி வரும். இன்சோலை எடுத்து, நாக்கைத் திறந்து, வாய் சற்றுச் சாய்ந்து அடுப்பைப் பார்க்கும்படி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். தூங்கப் போகும்போது தள்ளி எடுத்துவிடுங்கள், நள்ளிரவில் யாராவது விறகைத் திணித்தால் சூடு ஏறிவிடும். கிளவுஸைக் குச்சியில் விரல் மேலே, வாய் கீழே இருக்கும்படி மாட்டினால் எழும் வெப்பக் காற்று உள்ளே போகும். ஹேர் டிரையர் இருந்து கரண்டும் இருந்தால், குறைந்த சூட்டில் பூட்ஸ் நுனியைப் பார்த்துப் பத்துப் பத்து நிமிடம்.

சிலிக்கா ஜெல் தன் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஈரத்தை ஏற்கும். 50 கிராம் தண்ணீரை எடுக்க 200 கிராம் ஜெல் வேண்டும், குளிரில் அதுவும் மெதுவாக. ஷூ டப்பாவில் வரும் சின்னப் பொட்டலம் எதற்கும் காணாது. ஊருக்கு வந்த பிறகு பூட்ஸை எடுத்து வைக்கும்போதுதான் அது பயன்படும். அரிசி வேண்டாம், உறிஞ்சுவது சொற்பம், மாவு தூசி தையலில் தங்கும். சூட்டுப் பாக்கெட்டில் இருப்பது இரும்புத்தூள். அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வரும் வெப்பம்தான் உங்களுக்குக் கிடைப்பது. இறுக்கிக் கட்டிய பூட்ஸுக்குள் காற்று இல்லாமல் அணைந்துபோகும், உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவால் இன்னும் மந்தம். கால்விரலுக்கென்று தனியாக வருவது குறைந்த காற்றிலும் வேலை செய்யும்படி கலந்தது, அதை வாங்குங்கள். மிட்டனுக்குள் சாதாரண ரகம் நன்றாக வேலை செய்யும்.

இன்னும் வாங்காதவர் மாலையில், நடந்து கால் வீங்கிய பிறகு, கம்பளி சாக்ஸைக் கையோடு எடுத்துப்போய் வாங்கட்டும். விரலுக்கு முன் கட்டைவிரல் அகல இடைவெளி வேண்டும். இரண்டு தடித்த சாக்ஸைத் திணித்து அளவைச் சரிக்கட்டினால் கால் இறுகிக் குளிரும்.

வடமலையான்

மேலே சொன்னதில் இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

மைக்ரோஸ்பைக்கின் ரப்பர் பட்டை பூட்ஸின் முன்பகுதியைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும். மெல்லிய பூட்ஸில் அந்த இறுக்கமே விரல்களை மரக்கச் செய்யும், ஈரம் துளிகூட இல்லாவிட்டாலும். வாடகைக்கு எடுக்கும்போது சாங்க்ரியிலேயே மாட்டி, இருபது நிமிடம் நடந்து பார்த்து, தேவையென்றால் ஒரு அளவு பெரியது கேளுங்கள்.

உச்சி நாள் காலை 3 மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் 2:15-க்கே பூட்ஸுக்குள் வெந்நீர் பாட்டிலைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். லேஸை முதலில் தளர்வாகக் கட்டுங்கள், அரை மணி நேரத்தில் மறுபடி இறுக்கலாம். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் கால்விரலை அசைத்துப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா, மரத்திருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலி பரவாயில்லை. வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று ஒன்றும் தெரியாமல் போனால் அங்கேயே நின்று கழற்றிப் பாருங்கள். வெளுத்து மெழுகு போல இருந்தால் ஈர சாக்ஸை உருவி, அந்தக் காலைக் கூட வருபவரின் அக்குளிலோ வயிற்றிலோ வைத்துச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. உணர்வு பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பினால் உலர்ந்த சாக்ஸ் போட்டுக்கொண்டு கீழே இறங்குங்கள், மேலே அல்ல. திரும்பாவிட்டால் அதற்குமேல் அங்கே வைத்துச் சூடாக்க முயல வேண்டாம், இளகிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்காகும். வழிகாட்டியிடம் சொல்லி நேராக மருத்துவரிடம் போகும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். இதற்காகவே ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ், ஒரு ஜோடி உலர்ந்த லைனர், ஜிப்லாக்கில் போட்டு, கேம்ப்பில் விட்டுப்போகும் பெரிய பையில் இல்லாமல், உச்சிக்குத் தூக்கும் சின்னப் பையில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும்.